கால் இல்லாத ஸ்க்ரூ

ஊரில் பாதி வீடுகளுக்குப் பூட்டு மாட்டிக் கொடுத்தவர் அவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, பூட்டுக்காரர் என்றால் தெரியும். அவர் வீட்டில் மட்டும் உள்ளே ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் சாத்தினால் சாத்தியபடி கிடக்கும், காற்றடித்தால் தானே திறந்துகொள்ளும். தாழ்ப்பாள் இருந்த இடங்களில் ஸ்க்ரூத் துளைகளை மெழுகால் அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தார். அப்படியும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கதவிலும் அந்தப் புள்ளிகள் தெரியும், அம்மைத் தழும்பு மாதிரி.

கடைக்குப் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவன் வாய் சும்மா இருக்காது. "வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு. பூட்டுக்காரன் வீடு திறந்த வீடு. எங்க அண்ணன் கணக்கு சரியாத்தான் இருக்கு" என்பான். பூட்டுக்காரர் சிரித்துவிட்டு அரத்தை எடுப்பார். காரணம் வாட்ச்காரனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கேலி செய்தான். வேறு எப்படிப் பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

காரணம் பாப்பா. பதினாறு வயதாகியும் எல்லாருக்கும் பாப்பாதான். நடை தாமதமாக வந்தது, பேச்சு அதைவிடத் தாமதமாக வந்தது, கணக்கு வரவே இல்லை. பள்ளிக்கூடம் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இதோடு வலிப்பு. பெரியது வந்தால் விழுவாள். சின்னது வந்தால் விழமாட்டாள், போய்விடுவாள். சோற்றில் வைத்த கை அப்படியே நிற்கும். கண் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும், ஆனால் ஜன்னலில் இருக்காது. வீட்டில் அதற்கு வைத்த பேச்சே அதுதான். "போயிட்டா" என்பாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் கை வாய்க்குப் போகும். "வந்துட்டா."

எங்கே போகிறாள் என்று பூட்டுக்காரர் ஒருமுறை கேட்டிருக்கிறார். அவள் வெகுநேரம் யோசித்தாள். "வெள்ளையா இருக்கு" என்றாள். "யாரும் இல்ல. நல்லாருக்கு." அவருக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது. அவருக்குப் போக அப்படி ஓர் இடம் இல்லை.

ஏழெட்டு வயதில் ஒருநாள் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்தாள். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு, அதன் மேலேயே விழுந்து கிடந்தாள். டீ ஆறுவதற்குள் எந்தப் பூட்டையும் திறக்கிற மனிதருக்கு அன்றைக்குக் கை வரவில்லை. அம்மாதான் உலக்கை மாதிரி ஏதோ கட்டையைத் தூக்கி இடித்தாள், அவர் உதைத்தார். கதவு பிளந்து உள்ளே போனது. அவள் புருவத்தில் இருக்கிற தழும்பு வலிப்பால் வந்ததல்ல, அந்தக் கதவால் வந்தது. அன்றைக்கே வீட்டிலிருந்த தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட்டார். பயந்தவன் கைக்கு முதலில் அகப்பட்டதைச் செய்வான். அது சரியா என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

இப்போது வந்த பிரச்சினைக்கும் கதவுதான் காரணம்.

அம்மாவின் தம்பி வெளியூரிலிருந்து வந்தான். பையை வைத்துவிட்டு, முகம் கழுவலாம் என்று குளியலறைக் கதவைத் தள்ளினான். உள்ளே பாப்பா குளித்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"திறந்த வீட்டுல நாய் நுழைஞ்ச மாதிரி நுழைஞ்சிட்டேன்க்கா. எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தாழ்ப்பா இல்ல, ஒரு திரை இல்ல."

"சரி விடுடா. அவளுக்கு என்ன தெரியப்போகுது" என்றாள் அம்மா.

சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டான். அவன் போனதும் பாப்பா வெளியே வந்தாள். உடம்பில் சோப்பு நுரை அப்படியே காய்ந்திருந்தது. கதவைத் தொட்டாள். மெழுகு அடைத்த துளைகள் மேல் விரலை வைத்தாள்.

"இங்க... தாழ்ப்பா வேணும்."

"அதெல்லாம் வேணாம்டா கண்ணு. நீ விழுந்துட்டா அம்மா எப்படி வருவேன்?"

"தாழ்ப்பா."

"இனிமே யாரும் வரமாட்டாங்க. அம்மா வாசல்ல நிக்கிறேன்."

"நீயும் வராத."

அன்றிலிருந்து குளிக்க மறுத்தாள். அதுகூடப் பரவாயில்லை, மாத்திரையையும் மறுத்தாள். வாயைப் பூட்டிக்கொண்டாள். அம்மா வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தாள், பழம் உள்ளே போனது, மாத்திரை தட்டில் சுத்தமாகத் துப்பிக் கிடந்தது. தேனில் பொடித்துக் கலந்தாள். ஸ்பூனைத் தட்டிவிட்டாள். ஒருவேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிச் சொல்லி அந்த வீட்டில் மாத்திரை நேரம் சுவாசம் மாதிரி ஆகியிருந்தது. இப்போது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

பனிக்காலம். காலையில் தெரு பாதிதான் இருக்கும், மீதி பாதி வெள்ளையாக இருக்கும். எதிர்வீடு ஒன்பது மணிக்கு மேல்தான் வந்து சேரும். அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும் இடம் ஒரு பெரிய சலவைக்கூடம், ஆஸ்பத்திரி, ஹோட்டல் துணிகள் வரும். நாள் முழுக்க ஆவிக்குள் நின்று படுக்கைவிரிப்புகளை உருளைக்குள் விட்டு எடுப்பாள். வீட்டுக்கு வரும்போது அவள் கைகளில் சூடான துணியின் வாசனை இருக்கும்.

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்க. உங்க பேச்சத்தான் கேப்பா."

"நான் சொன்னா கேக்கற மாதிரியா இருக்கு? அம்மாவும் பொண்ணும் ஒரே அச்சு."

"ஆமா, நல்லதெல்லாம் உங்க பக்கம், பிடிவாதம் மட்டும் எங்க பக்கம். கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. வாட்ச்காரர்கிட்ட சொல்லி வைங்க. கிட்டவே இருங்க."

"எங்க போகப்போறேன்? நாலடிக் கடை. எழுந்தா முட்டும், உக்காந்தா இடிக்கும்."

கடையில் பாப்பாவுக்கு வேலை உண்டு. ரிப்பேர் ஆன பூட்டையும் தாழ்ப்பாளையும் வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன்னால் அவள் கைக்குத்தான் போகும். அவர் பழக்கியதல்ல, அவளே எடுத்துக்கொண்ட வேலை. மடியில் வைத்துத் தாழைப் போடுவாள், எடுப்பாள், காதருகே வைத்துப் போடுவாள், எடுப்பாள். சரியாக இருந்தால் அப்பா பக்கம் தள்ளுவாள். இல்லையென்றால் மடியிலேயே வைத்துக்கொள்வாள். அவர் வாங்கிப் பார்த்து இன்னும் கொஞ்சம் ராவுவார். பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தார். பிள்ளைக்குக் கிலுகிலுப்பை மாதிரி.

மத்தியானம் பனி விலகி, வெயில் பால்போல விழுந்தது. சாவி வெட்டும் இயந்திரத்திலிருந்து பித்தளைத் தூள் பறந்து வெயிலில் மிதந்தது, கீழே இறங்குவதாகவே தெரியவில்லை. பூட்டுக்காரருக்குக் கண் சொக்கியது. கனவில் ஒரு வீடு வந்தது. சுவரே இல்லை, வரிசையாகக் கதவுகள் மட்டும் நின்றன. ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போகிறார். எல்லாக் கதவுக்குப் பின்னாலும் வெள்ளை. எங்கேயோ அவள் தாழ் போடும் சத்தம் கேட்கிறது. சத்தம் நின்றது. அது நின்றதில்தான் விழித்தார்.

பாப்பா ஸ்டூலிலிருந்து சரிந்துகொண்டிருந்தாள். பெரியது.

பிடித்துக் கீழே கிடத்தினார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் சட்டையைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்தார். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாட்ச்காரன் ஒரே தாவலில் வந்து பக்கத்திலிருந்த அரம், சுத்தியல், ஸ்டூல் எல்லாவற்றையும் தூர எறிந்தான். வழக்கம்போல கூட்டம். வழக்கம்போல ஒருத்தர் கத்தினார்.

"சாவியக் கையில குடுய்யா! இரும்பு பட்டா நின்னுரும்!"

வாட்ச்காரன் திரும்பினான். "யோவ், தலைக்கு மேல தொங்குறது பூரா சாவிதான். அதுல நிக்கிறதா இருந்தா இந்தப் பொண்ணு இந்நேரம் ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கும். தள்ளி நில்லுய்யா, காத்து வரட்டும்."

நின்றது. எப்போதும்போல, தானாக. பிறகு அவள் தூங்கினாள், சாக்கின் மேல், வாயோரம் எச்சிலோடு. பாவாடை நனைந்திருந்தது. பூட்டுக்காரர் பனியனோடு உட்கார்ந்து ஈ விரட்டினார். கூட்டம் கலைந்தது. வாட்ச்காரன் டீ வாங்கி வந்து ஒன்றை அவர் கையில் வைத்தான்.

"அண்ணே, மாத்திரை சாப்பிட மாட்டேங்குதுன்னு அண்ணி சொல்லிச்சு."

"ஆமா."

"ஒரு தாழ்ப்பாதானே கேக்குது. வாரத்துக்கு நீ எத்தனை மாட்டுற."

"மாட்டிட்டு? உள்ள இப்படிக் கிடந்தா?"

வாட்ச்காரன் அவளைப் பார்த்தான். டீயைக் குடித்தான். அவனுக்குக் கேலி எதுவும் வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் அம்மா வெந்நீர் வைத்தாள். பாப்பா குளியலறை வாசலில் நின்றாள், உள்ளே போகவில்லை. நனைந்த பாவாடையோடேயே நின்றாள். அம்மா ஈரத்துணியோடு கிட்டே போனால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் அழவில்லை, அம்மாதான் அழுதாள். பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"தாழ்ப்பா போட்டுத் தர்றேன். நாளைக்கே. இப்ப மாத்திரையப் போடு."

அவள் அவரைப் பார்த்தாள். கிணற்றிலிருந்து வாளி வருவதுபோலத்தான் அவளுக்குச் சொல் வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் காத்திருக்க வேண்டும்.

"நிசமா?"

"நிசமா."

வாயைத் திறந்தாள். மாத்திரையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினாள். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்.

மறுநாள் கடையில் அவர் அந்த வேலையைச் செய்தார். இருப்பதிலேயே நல்ல பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்துத் துடைத்தார். தாழ்க்கம்பி போய் நுழைகிற கொண்டிக்கு நாலு ஸ்க்ரூ. அந்த நாலையும் வைஸில் பிடித்து, தலைக்குக் கீழே ரம்பத்தால் அறுத்தார். வெறும் தலைகள். ராத்திரிக்குள் கொண்டியைப் பிசினால் நிலையில் ஒட்டி, தலைகளையும் அதனதன் துளையில் ஒட்டினார். பார்க்கிறவனுக்குத் தாழ்ப்பாள். தோளால் ஒரு தள்ளு தள்ளினால் கொண்டியே கையோடு வந்துவிடும். இத்தனை வருஷத் தொழிலில் அவர் செய்த முதல் திருட்டுவேலை அதுதான். அதையும் சுத்தமாகச் செய்திருந்தார்.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், ரொம்ப நாள் கழித்து.

"நல்ல ஆளுங்க நீங்க. தெரிஞ்சிடாதே?"

"அவளுக்கு எங்க தெரியப்போகுது."

காலையில் பாப்பா மாற்றுத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. அம்மாவும் அப்பாவும் வெளியே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.

தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. தாழ் மறுபடி எடுக்கப்பட்டது. மறுபடி போடப்பட்டது. கொஞ்சம் நின்றது. மறுபடி எடுத்து, மறுபடி போட்டு. பூட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த அதே ஒழுங்கு. இது கிலுகிலுப்பை இல்லை. இத்தனை நாளும் கடைசிச் சோதனை செய்தவள் அவள்தான்.

கதவு திறந்தது. அவள் குளித்திருக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். அறுத்த ஸ்க்ரூத் தலை. பிறகு இன்னொன்று. பிறகு மற்ற இரண்டு. நகத்தால் பெயர்த்திருக்கிறாள்.

"சத்தம் சரியில்ல" என்றாள். "இதுக்குக் கால் இல்ல."

"கண்ணு, அது வந்து..."

"கடைக்கு... வர்றவங்களுக்கு... இப்படியா குடுப்ப?"

அவர் கையை மூடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அம்மா ஏதோ சொல்ல வந்தாள். பாப்பா அவளையும் பார்த்தாள். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "உனக்கும் தெரியும்."

"உன் நல்லதுக்குத்தான்டி..."

"நான் மாத்திரை போட்டேன்" என்றாள் பாப்பா. போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் போய்விட்டாளா, இல்லை வெறுமனே பேசாமல் இருக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே தெரு முழுக்க வெள்ளை.

பூட்டுக்காரர் அன்றைக்குக் கடை திறக்கவில்லை. அம்மாவும் சலவைக்கூடத்துக்குப் போகவில்லை. அடுப்படியில் நின்று இரண்டு பேரும் தணிந்த குரலில் சண்டை போட்டார்கள்.

"நிசத் தாழ்ப்பாளப் போட்டுடலாம்" என்றார் அவர்.

"போடுங்க. நல்லாப் போடுங்க. உள்ள விழுந்து கிடக்கட்டும். உதைச்சீங்களே, அந்தப் புருவத்தப் பாத்துக்கிட்டே போடுங்க."

"புருவம் அவ விழுந்ததுல உடையல. கதவு உள்பக்கமாத் திறக்கறதாலதான் உடைஞ்சுது."

"அதுக்கு?"

அதுக்கு என்ன என்று அவருக்கும் அந்த நிமிஷம் வரை தெரியாது. இத்தனை வருஷமாகத் தாழ்ப்பாளைப் பற்றியே யோசித்தவர், கதவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது என்று யோசிக்கவில்லை. பயம் அப்படித்தான், ஒரே துளை வழியாகப் பார்க்க வைக்கும். எழுந்து போய்க் குளியலறைக் கதவை ஆட்டிப் பார்த்தார். கீலைத் தொட்டார்.

"கதவத் திருப்பி மாட்டிடறேன். வெளிப்பக்கமாத் திறக்கட்டும். அப்ப கீலும் வெளிப்பக்கம் வந்துடும். கீலுக்கு நடுவுல ஒரு கம்பி இருக்கு பாரு, அதை உருவினா கதவு கையோட வந்துடும். தாழ்ப்பா போட்டிருந்தாலும் சரி."

அம்மா கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இத அப்பவே செஞ்சிருக்கலாம்ல?"

"செஞ்சிருக்கலாம்."

"எட்டு வருஷமா என் பொண்ணு..."

"செஞ்சிருக்கலாம்னு சொல்றேன்ல."

"அப்ப இந்தக் கம்பி விஷயம் அவளுக்குத் தெரிய வேணாம்."

"வேணாம்" என்று சொல்லப் போனவர் நிறுத்திக்கொண்டார். அவர் சட்டைப் பையில் நாலு தலைகள் கிடந்து உறுத்தின. "அவகிட்டச் சொல்லிட்டுத்தான் மாட்டப்போறேன்."

மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. கதவைக் கழற்றிக் கூடத்தில் சாய்த்து வைத்தார். கதவில்லாத குளியலறை வாய் திறந்து தூங்குகிறவன் மாதிரி இருந்தது. பழைய மெழுகைத் தோண்டினார். நிலையை இழைத்தார். மரச்சுருள் கால்மாட்டில் குவிந்தது. பாப்பா முதலில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பாதி திரும்பினாள். பிறகு வந்து ஸ்க்ரூ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, காலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். அவர் அந்த அவமானத்தை வாங்கிக்கொண்டார். வாங்க வேண்டியதுதானே.

"இங்க பாரு" என்றார். "தாழ்ப்பா உன்னுது. நீ போட்டா யாராலயும் திறக்க முடியாது. ஆனா கீல் எங்களுது. நீ விழுந்துட்டன்னா இந்தக் கம்பிய உருவிட்டு வருவோம். ஒளிச்சுச் செய்யல, முகத்துக்கு நேரே சொல்றேன். சம்மதமா?"

அவள் கீல்கம்பியை உருவிப் பார்த்தாள். திரும்பப் போட்டாள். உருவினாள். அம்மா நகத்தைக் கடித்தாள்.

"சும்மா சும்மா... உருவக் கூடாது."

"கூடாது. நீ சொம்பத் தட்டிக்கிட்டே குளி. சத்தம் கேட்டா நாங்க பேசாம இருப்போம். சத்தம் நின்னா கூப்பிடுவேன்."

"எத்தனை தடவ?"

"ஒரு தடவ" என்றாள் அம்மா.

"அஞ்சு" என்றாள் பாப்பா.

"அஞ்சா! அதுக்குள்ள உசிரே போயிடும்டி."

"கண்ல சோப்பு. காதுல தண்ணி. கேக்காது. அஞ்சு."

பூட்டுக்காரர் மூன்றில் முடித்துவைத்தார். "மூணு தடவ. அதுக்கும் பதில் வரலன்னா கம்பி. அம்மா வாசல்லயே நிப்பா."

"நில்லு" என்று அம்மாவுக்கு அனுமதி கொடுத்தாள் பாப்பா. "வெளிய நில்லு."

சாயங்காலத்துக்குக் கதவு மாட்டியாயிற்று. அம்மா வெந்நீரை உள்ளே கொண்டுபோய் வைத்தாள், தரையைத் துடைத்தாள், பழைய துணியை விரித்தாள், தொட்டியின் முனைக்குத் துண்டைச் சுற்றினாள், இன்னும் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். பாப்பா வாசலில் நின்று காத்திருந்தாள். அம்மா வெளியே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

தாழ் விழுந்தது. கனமான, நிறைவான ஓசை. எடுக்கப்பட்டது. போடப்பட்டது. அதோடு நின்றது. கடையில் என்றால் இந்நேரம் அவர் பக்கம் தள்ளியிருப்பாள்.

பிறகு தண்ணீர். பிறகு சொம்பு சுவரில் தட்டும் சத்தம். தாளமெல்லாம் இல்லை, அவளுக்குத் தோன்றினபடி. கதவின் அடியிலிருந்து ஆவி மெல்ல ஊர்ந்து வந்து அவர்கள் கால்களைச் சுற்றியது. அம்மா நின்றுகொண்டே கண்ணை மூடியிருந்தாள், வேலை செய்யும் இடத்தில் உருளை முன்னால் நிற்பதுபோல. பூட்டுக்காரருக்கு அந்தக் கனவு வீடு ஞாபகம் வந்தது. சுவரில்லாத கதவுகள். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் மட்டும் சத்தம் இருந்தது. டக். டக்டக். டக்.

நின்றது.

அம்மா கண்ணைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தமும் இல்லை. இரண்டு பேரும் காதைக் கதவில் வைத்தார்கள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"பாப்பா" என்றார்.

பதில் இல்லை. அம்மாவின் கை மேல்கீலுக்குப் போயிற்று. அவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். அவளுடைய நாடி துடிப்பது அவர் விரலில் தெரிந்தது. அல்லது அது அவருடையதோ.

"பாப்பா! ஏம்மா!"

ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா கையை உதறிக்கொண்டு கம்பியைப் பிடித்து இழுத்தாள். அவர் தடுக்கவில்லை. கீழ்க்கீலை அவரும் பிடித்திருந்தார், எப்போது குனிந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. எண்ணெய் போட்ட கம்பி பாதி உருவி வந்துவிட்டது. இன்னும் ஓர் இழுப்பு. மூன்றாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தார்.

உள்ளேயிருந்து, வெகுதூரத்திலிருந்து வருவதுபோல, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"இன்னும்... ஒரு தடவ... பாக்கி இருக்கு."

போய்விட்டு வந்தாளா, இல்லை இவர்களைச் சோதித்துப் பார்த்தாளா, தெரியவில்லை. அவர் கேட்கவும் போவதில்லை. அம்மா சுவரில் சாய்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளைத்தான் கேட்கவேண்டும்.

பூட்டுக்காரர் பாதி வந்த கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தி, சத்தம் வராமல், திரும்ப உள்ளே இறக்கினார்.

சத்தம் வந்திருக்கும்போல.

"கேட்டுச்சு" என்றாள் பாப்பா. சொம்பு மறுபடி தட்ட ஆரம்பித்தது.